மூச்சுக்குழாய் அடைத்தால்: நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்றே உயிர் காக்கும்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் பெரிய அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் புதுச்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸில் ஒருவருக்கு முந்திரிப் பருப்பு மூச்சுக்குழாயை அடைத்தால், இரண்டுமே தூரம்தான். ஆக்சிஜன் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும்.

அழுத்தினால் ஏன் வெளியே வருகிறது?

ஊசி கழற்றிய சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று விரலில் முட்டும். வெப்பநிலை மாறாதபோது, கன அளவு பாதியானால் அழுத்தம் இரு மடங்காகும். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி இது.

மூச்சும் இதே கணக்குதான். உதரவிதானம் கீழிறங்கினால் நெஞ்சறை விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து காற்று நுழைகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அமைதியான மூச்சுக்கு 1 மி.மீ. அளவு வித்தியாசமே போதும். இயல்பாக மூச்சு விட்ட பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் சுமார் 2 லிட்டர் காற்று தங்கியிருக்கும். வயிற்றை மேல்நோக்கி அழுத்தினால் உதரவிதானம் எழும்பி நெஞ்சறை சுருங்கும். உள்ளிருக்கும் காற்று அடைப்பைக் கீழிருந்து தள்ளும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974இல் முன்வைத்த முறை இது.

செய்ய வேண்டியவை

1. இருமவும் பேசவும் முடிகிறதா? அப்படியானால் காற்று போய்வருகிறது. பலமாக இருமச் சொல்லுங்கள். உச்சந்தலையில் தட்டுவதால் பயனில்லை, தண்ணீரும் கொடுக்காதீர்கள்.

2. சத்தமே வராமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் உடனே செயலில் இறங்குங்கள். இன்னொருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

3. அவரை முன்பக்கம் நன்றாகக் குனியவைத்து, மார்பை ஒரு கையால் தாங்குங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாக அடியுங்கள்.

4. வரவில்லையா? பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கொண்டுவாருங்கள். ஒரு கையை முட்டியாக மடக்கி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி, தொப்புளுக்குச் சற்று மேலே, மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வையுங்கள். மறு கையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை வெடுக்கென்று இழுங்கள். மெதுவாக அமுக்கினால் அழுத்தம் போதாது.

5. அடைப்பு வெளிவரும்வரை முதுகில் 5, வயிற்றில் 5 என்று மாறி மாறித் தொடருங்கள்.

6. நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்துங்கள். வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். பிறகு வாயோடு வாய் வைத்து 2 முறை மூச்சு கொடுங்கள். உதவி வரும்வரை இதையே தொடருங்கள்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்

கர்ப்பிணிகளுக்கும் கைகள் சுற்றி எட்டாத உடல்வாகு உள்ளவர்களுக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவே அழுத்துங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது, கல்லீரல் காயப்படலாம். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் 5 அடி. பிறகு மல்லாத்தி, தலையைத் தாங்கியபடி, நெஞ்சின் நடுவே 5 அழுத்தம்.

அதன் பிறகு

பொருள் வந்துவிட்டாலும் வயிற்றில் அழுத்தப்பட்டவரை மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலோ வீசிங்கோ நீடித்தால் துண்டு ஒன்று மூச்சுக்கிளையில் தங்கியிருக்கலாம். வலப்பக்கக் கிளை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும்.

முந்திரியும் பலாவும் விளையும் பண்ருட்டி நம் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு முந்திரி, வேர்க்கடலை, பலாக்கொட்டை கொடுக்காதீர்கள். அரைத்தோ மசித்தோ கொடுங்கள். ஓடும்போதும் சிரிக்கும்போதும் ஊட்டாதீர்கள். இன்றே வீட்டில் எல்லோரும் கை வைக்கும் இடத்தை அடையாளம் கண்டு பழகுங்கள். பழகும்போது மட்டும் யாரையும் அழுத்திப் பார்க்காதீர்கள்.