அஷ்டமுடிக் காயலின் மட்டிகள்

கேரள மாநிலத்தின் கொல்லம் நகரை ஒட்டிப் பரந்து கிடக்கிறது அஷ்டமுடிக் காயல். ‘அஷ்டம்’ என்றால் எட்டு. எட்டுக் கிளைகளாகப் பிரிந்து நிலத்துக்குள் புகுந்திருப்பதால் இக்காயல் இப்பெயர் பெற்றது. கல்லடை ஆறு இதில் வந்து கலக்கிறது. நீண்டகரை என்னும் இடத்தில் காயல் அரபிக்கடலோடு சேர்கிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இத்தகைய நீர்நிலையைத் தமிழில் உப்பங்கழி என்றும் கூறுவர்.

கடலை அடுத்த பகுதியில், நீருக்கடியில் உள்ள மணலில் புதைந்து வாழும் சிற்றுயிர் ஒன்று உண்டு. இரண்டு ஓடுகளுக்கு இடையே மெல்லிய உடலைக் கொண்ட அதனை மலையாளத்தில் கக்கா என்பர். தமிழில் மட்டி என்பர். அறிவு குறைந்தவரையும் பேச்சுவழக்கில் ‘மட்டி’ என்று ஏசுவதுண்டு. அதற்கு இச்சிற்றுயிர் என்ன செய்யும்! அது நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. எஞ்சிய நீரைத் தெளிந்த நீராக வெளியே விடுகிறது.

மீனைப் போல மட்டியால் விரைந்து தப்பி ஓட இயலாது. அது வாழும் இடத்தை அறிந்தவர் எவ்வளவு வேண்டுமானாலும் வாரிக்கொள்ளலாம். மீனவர் சிறு வள்ளங்களில் சென்று, நீண்ட கழியின் முனையில் இரும்புப் பற்களும் வலைப்பையும் பொருத்திய கருவியால் மணலைக் கிளறி மட்டிகளை அள்ளுவர். சிலர் நீரில் மூழ்கிக் கையாலும் எடுப்பர். கரைக்கு வந்த மட்டிகளை வேகவைத்தால் ஓடுகள் திறந்துகொள்ளும். சதையைப் பிரித்தெடுக்கும் வேலையில் பெண்கள் பலர் ஈடுபடுகின்றனர். ஓடுகளும் வீணாவதில்லை, அவை சுண்ணாம்பு செய்யப் பயன்படுகின்றன.

1980-களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து மட்டிச் சதைக்குத் தேவை பெருகியது. விலை ஏற ஏற, அள்ளும் அளவும் ஏறியது. 1991-இல் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் மட்டி கிடைத்தது. ஆனால் 1993-இல் அது பாதியாகக் குறைந்தது. பெரியவற்றோடு குஞ்சுகளையும் அள்ளியதால் இனம் பெருகுவதற்கு வழியில்லாமற் போயிற்று. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய வீட்டில் அடுத்த ஆண்டு எதை விதைப்பது?

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரையோடு சில கட்டுப்பாடுகள் வந்தன. மட்டிகள் இனம் பெருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவற்றை எடுக்கக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்போதுதான் குஞ்சுகள் வலைக்கண் வழியே மீண்டும் மணலில் விழும். இயந்திரங்களைக் கொண்டு அள்ளுதலும் தடைசெய்யப்பட்டது. ஏற்றுமதிக்கும் ஓர் அளவு வைத்தனர். ஒரு கிலோ சதையில் 1400 மட்டிகளுக்கு மேல் இருந்தால் அவை மிகச் சிறியவை என்று பொருள். அத்தகைய சதையை அயல்நாட்டுக்கு அனுப்பக் கூடாது.

இவற்றுள் கடினமானது அந்த மூன்று மாத ஓய்வுதான். காலடியிலேயே மட்டி கிடக்கும். வீட்டில் செலவும் இருக்கும். அன்றாடம் உழைத்து உண்போர் கைகட்டி நிற்பது எளிதன்று. ஒருவர் மட்டும் விதியை மீறினாலும், மற்றவர்கள் விட்டுவைத்தது அவருடைய கூடைக்குப் போய்விடும். ஆகவே, ஊரார் அனைவரும் ஒன்றுபட்டு நின்றால்தான் இவ்விதிக்கு உயிர் உண்டு.

காலப்போக்கில் மட்டி வளம் மீண்டது. ஆண்டு விளைவு மறுபடியும் சுமார் 10,000 டன் என்னும் அளவை எட்டியது. 2014-இல், வளம் குன்றாமல் மீன்பிடிப்போருக்கு மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் பன்னாட்டு அமைப்பு வழங்கும் சான்றிதழ் அஷ்டமுடி மட்டித்தொழிலுக்குக் கிடைத்தது. இந்தியாவில் அச்சான்றிதழை முதன்முதலாகப் பெற்றது இதுவே.

எனினும் கதை அதோடு முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் மட்டி மீண்டும் குறைந்துள்ளது. நகரத்துக் கழிவு காயலில் கலப்பதை மீனவரின் வலைக்கண் விதி தடுத்துவிடாது. விழிஞ்ஞத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தின் பொரிப்பகத்தில் மட்டிக் குஞ்சுகளை உருவாக்கிக் காயலில் விட்டு வருகின்றனர். அவை வளர்ந்து பெருகத் தூய நீரும் வேண்டும்.

சொற்பொருள்
காயல் – கடலோடு இணைந்த நீர்நிலை
உவர்நீர் – உப்புநீர்
வள்ளம் – சிறு படகு
வலைக்கண் – வலையில் உள்ள துளை
பொரிப்பகம் – முட்டையிலிருந்து குஞ்சுகளை உருவாக்கும் இடம்

பயிற்சி
1. மட்டியை எளிதில் அள்ள முடிவதற்குக் காரணம் யாது?
2. ஒரு கிலோ சதையில் 1400 மட்டிகள் இருந்தால், ஒரு மட்டியின் சதை ஏறத்தாழ எத்தனை கிராம் இருக்கும்?
3. ‘விதைநெல்லைக் குத்திச் சோறாக்குதல்’ என்பது இப்பாடத்தில் எதனைக் குறிக்கிறது?
4. டிசம்பர் மாதத்தில் ஒருவர் மட்டும் மட்டி அள்ளுகிறார். அவருக்கும் ஊர்ப் பெரியவருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் சொந்த ஊரில் கடல், ஆறு, குளம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் உணவுகளின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.