கிளிச்கோவுக்கு எத்தனையாவது இடம்?

கேள்வி: ஐயா, 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் குத்துச்சண்டைப் பேச்சு ஓயவில்லை. ஏறக்குறைய பத்து வருஷம் யாராலும் அசைக்க முடியாத ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த விளாடிமிர் கிளிச்கோவை எல்லாக் காலத்துக்கும் சேர்த்து முதல் மூன்று பேருக்குள் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியை நேரில் பார்த்த என் மாமாவோ, "அவனெல்லாம் அலி கால் தூசிக்கு ஆவானா?" என்கிறார். யார் சொல்வது சரி? நம் நாட்டில் இந்த எடையில் சொல்லிக்கொள்ளும்படி ஒருவருமே இல்லையா?

– ஒரு வாசகர், சித்தேரி, தருமபுரி மாவட்டம்

பதில்: முதல் மூன்று கிடையாது. என் கணக்கில் பத்தாவது இடத்தை ஒட்டி வருவார். ஆனால் உங்கள் மாமா காட்டும் சாட்சியும் செல்லாது.

அவர் பார்த்தது 38 வயது அலி. ஓய்வு அறிவித்துவிட்டு, பால்ய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆட வந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 2-ல் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் எதிரே மறுபடி மேடை ஏறினார். எடை குறைக்கத் தைராய்டு மாத்திரை விழுங்கி, கையில் வேகம் இல்லாமல் வந்து நின்றார். பத்து ரவுண்டு அடி வாங்கியதும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்திவிட்டார். 'அலியை வென்றவர்' என்ற வரி ஹோம்ஸ் கணக்கில் அப்படித்தான் ஏறியது. அதை வைத்து அவரைப் பெரியவர் என்று விஷயம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. 1978-ல் கென் நார்ட்டனோடு 15 ரவுண்டு நின்று, மூன்று நடுவர்களின் தாளிலும் ஒரே புள்ளி வித்தியாசம் இருந்த சண்டையில் பட்டத்தைப் பறித்தாரே, அதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே நான் பார்ப்பது இதைத்தான்: யாரை ஜெயித்தார், ஜெயித்தபோது அந்த ஆள் எந்த நிலையில் இருந்தார். எத்தனை வருஷம் பட்டம் வைத்திருந்தார் என்பது அதற்குப் பிறகு.

கிளிச்கோவின் எண்கள் மலைக்க வைப்பவைதான். 1996 ஒலிம்பிக் தங்கம். 69 சண்டையில் 64 வெற்றி, அதில் 53 நாக்-அவுட். 2006 ஏப்ரலில் பிடித்த பட்டத்தை 2015 நவம்பர் வரை விடவில்லை. இடையில் 18 முறை காத்தார். ஆனால் அந்த 18 சண்டையில் தோற்றவர்களில் ஐந்து பெயரை யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். டேவிட் ஹே, பொவெட்கின் என்று தொடங்கி மூன்றாவது பெயரிலேயே திணறுவீர்கள்.

2013 அக்டோபரில் மாஸ்கோவில் பொவெட்கினோடு நடந்த சண்டையை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இடது கையை நீட்டி எதிராளியின் நெற்றிக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருப்பார். குள்ளமான பொவெட்கின் அதற்கடியில் குனிந்து உள்ளே வருவார். வந்ததும் கிளிச்கோ இரண்டு கையாலும் அவரை அணைத்து, ஏறக்குறைய 110 கிலோ உடம்பைப் பிடரியில் சாய்த்துவிடுவார். நடுவர் பிரித்துவிடுவார்; திரும்பவும் அதே கதை. பொவெட்கின் நான்கு முறை கீழே விழுந்தார், மூன்று நடுவர்களும் 119-104 என்று எழுதினார்கள். ஆனால் 11-வது ரவுண்டில் சாய்ந்து தள்ளியதற்காக கிளிச்கோவுக்கு ஒரு புள்ளி பிடித்தமும் ஆனது. ஜெயிப்பதற்கு அதைவிடப் பத்திரமான வழி இல்லை. பார்ப்பதற்கு அதைவிட அலுப்பான சண்டையும் அதிகம் இல்லை. 2003-ல் கோரி சாண்டர்ஸிடமும் 2004-ல் லாமன் புரூஸ்டரிடமும் உதைபட்டு விழுந்தவருக்கு, பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் கட்டிக்கொடுத்த கோட்டை அது.

"ஜோ லூயிஸ் மட்டும் என்ன, 25 முறை பட்டத்தைக் காத்ததில் பாதிப்பேர் சோப்ளாங்கிதானே?" என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. 'மாதம் ஒரு சோதா' என்று அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களே அன்றைக்குக் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் லூயிஸ் 1936-ல் தன்னை வீழ்த்திய ஷ்மெலிங்கை 1938-ல் மறுபடி கூப்பிட்டு 124 நொடியில் முடித்தார். 1941-ல் பில்லி கான் புள்ளியில் முந்திக்கொண்டிருந்தபோது 13-வது ரவுண்டில் படுக்க வைத்தார். தோல்வி பக்கத்தில் வந்து நிற்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதற்கு லூயிஸிடம் சாட்சி இருக்கிறது. கிளிச்கோ புரூஸ்டரைத் திருப்பி அடித்தார், சரி. சாண்டர்ஸ் கணக்கைத் தீர்த்தது அண்ணன் விட்டாலி.

அந்த அண்ணன் விஷயத்தில் மட்டும் கிளிச்கோவுக்காக வருத்தப்படுவேன். அவர் காலத்தில் அவருக்குச் சமமாக நின்றிருக்கக்கூடிய ஒரே ஆள் விட்டாலிதான். இருவரும் மோத மாட்டோம் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு யாரைக் குறை சொல்வது?

என்னைக் கேட்டால் அவருடைய மிகப்பெரிய சண்டை அவர் தோற்ற சண்டை. 2017 ஏப்ரல் 29, வெம்பிளியில் 90,000 பேர். 41 வயது கிளிச்கோ, 27 வயது ஆண்டனி ஜோஷுவா. ஐந்தாவது ரவுண்டில் விழுந்தவர் எழுந்து, ஆறாவதில் ஜோஷுவாவைத் தரையில் உட்கார வைத்தார். 11-வதில் முடிந்தது. அன்றைக்கு அவர் கட்டிப்பிடித்து ஒளியவில்லை. அந்த ஒரு இரவு இல்லையென்றால் பத்தாவது இடம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அதே உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கை நான் கிளிச்கோவுக்கு மேலே வைப்பேன். பட்டம் காத்த எண்ணிக்கை அவருக்குக் கொஞ்சம்தான். ஆனால் குறைந்த எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்து ஜோஷுவாவை இருமுறை, 2024-ல் தன்னைவிட அரைச் சாணுக்கு மேல் உயரமான டைசன் ஃபியூரியை இருமுறை, 2025 ஜூலையில் டுபுவாவை இரண்டாம் முறை வென்றார். அந்தச் சண்டை வரை 24 சண்டை, 24 வெற்றி. சுற்றிலும் இருந்த நல்ல ஆட்களை எல்லாம் தேடிப்போய் அடித்திருக்கிறார்.

நம் நாட்டுக் கேள்விக்கு வருகிறேன். பஞ்சாபின் கவுர் சிங் இருந்தார். ராணுவக்காரர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. தொழில்முறைக்கு அவர் போகவே இல்லை, அதனால் இந்தப் பட்டியலில் அவரை வைத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் உங்கள் மாமா அலியைப் பார்த்த அதே பயணத்தில், 1980 ஜனவரி 27 அன்று டெல்லியில் கவுர் சிங் அலியோடு நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி ஆடினார். மாமா கேலரியிலிருந்து பார்த்த அந்த இடது கையை, கவுர் சிங் தன் முகத்தில் வாங்கிப் பார்த்தவர். 2023 ஏப்ரலில் காலமானார்.