மனச்சிதைவு: வீட்டார் கவனத்துக்கு

மகன் தனியாகப் பேசுகிறான், பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் விஷம் வைப்பதாகப் பயப்படுகிறான் என்றால் அது செய்வினையும் அல்ல, உங்கள் வளர்ப்பின் குற்றமும் அல்ல. பரம்பரைக் கூறு, மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் இயக்கம் மாறுவது, கடும் மனஉளைச்சல், கஞ்சா எனப் பலதும் சேர்ந்து மனச்சிதைவு நோயைத் தூண்டலாம்.

காதில் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால், "குரலாவது, ஒன்றாவது!" என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது நிஜமாகவே கேட்கிறது. "எனக்குக் கேக்கலப்பா, ஆனா நீ பயந்துபோயிருக்கேன்னு புரியுது" என்று சொல்லிப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. ஆள் தெளிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்; நோய் திரும்ப முக்கியக் காரணம் அதுதான். கை நடுக்கம், அசதி, எடை கூடுவது என்று தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். தூக்கம் கெட்டு, குளிக்காமல் ஒதுங்கத் தொடங்கினால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது ஆறுதல் தந்தால் போய்வாருங்கள், மாத்திரையை விடாமல். ஆனால் எங்கேயும் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தில் சங்கிலியால் கட்டுண்டவர்கள் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

தேறி வருபவரிடம் பால் வாங்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகளை ஒப்படையுங்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், வீட்டாரும் பேசலாம்.