எந்த மருத்துவ பீடம்? குடும்பமாக ஆராய்ந்து தெரிவு செய்வோம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்தபின், உயிரியற் பிரிவில் நல்ல சித்தி பெற்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். “பிள்ளைக்கு மெடிசின் கிடைக்குமா? கிடைத்தால் எங்கே?” கோயில் முற்றத்திலும் இதே கேள்வி; வெளிநாட்டிலிருந்து மாமா எடுக்கும் தொலைபேசியிலும் இதே கேள்வி. ஆனால் கேட்கவேண்டிய முதற் கேள்வி, “எங்கே?” என்பதன்று, “எதற்காக?” என்பதே. இந்தப் பாடத்தில் அந்த ஒழுங்கிலேயே விடயத்தை ஆராய்வோம்.

1. முதலில் நோக்கம், பின்னர் வழி

தெரிவு செய்வதைப் பற்றித் திருச்சபைக்குத் தெளிவாகக் கற்பித்தவர்களுள் புனித இஞ்ஞாசியார் ஒருவர். மனிதர் அடிக்கடி செய்யும் ஒரு பிழையை அவர் சுட்டிக்காட்டுகிறார். வழியாக இருக்கவேண்டியதை நோக்கமாக்கிவிட்டு, நோக்கமாக இருக்கவேண்டிய இறைபணியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம் என்பதே அது.

நமது விடயத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். மருத்துவ பீடம் ஒரு வழி. நோயாளிக்குப் பயன்படும் நல்ல வைத்தியராவது நோக்கம். அதற்கும் மேலான நோக்கம், பிள்ளை தன் வாழ்வால் ஆண்டவருக்கு மகிமை அளிப்பது. “எங்கள் வீட்டிலும் ஒரு டொக்டர் வேண்டும்” என்பதோ, “அயல்வீட்டுப் பிள்ளை கொழும்புக்குப் போனது, நமது பிள்ளை குறையலாமா?” என்பதோ, சீதனச் சந்தையில் மதிப்பு உயரும் என்பதோ நோக்கமாகிவிட்டால், பின்னர் போடும் கணக்கெல்லாம் பிழைத்துவிடும்.

சீராக் நூலின் 38ஆம் அதிகாரம், வைத்தியரையும் ஆண்டவரே படைத்தார், ஆதலால் அவரை மதிக்கவேண்டும் என்று போதிக்கிறது. அந்த மதிப்பு பட்டத்துக்கு அளிக்கப்படுவதன்று, பணிக்கு அளிக்கப்படுவது. இந்த அதிகாரத்தைக் குடும்பமாக ஒருமுறை வாசித்துவிட்டு விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுப்பது நல்லது.

2. நம் நாட்டில் தெரிவு எப்படி நடக்கிறது?

அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இஸட் புள்ளியை அடிப்படையாக வைத்து, 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா முதலியன அந்த இறுதி வகையிலும் இடம்பெறுபவை.

மாணவர் தாம் விரும்பும் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். ஆகவே “எந்தப் பீடம்?” என்ற தெரிவு உண்மையில் நடக்கும் இடம் இந்த வரிசைதான். காலம் முடிந்தபின் இதை நினைத்தபடி மாற்ற இயலாது. இவ்வளவு பாரதூரமான வரிசையைக் கடைசி நாளிலே, தொடர்பு நிலையமொன்றில் அவசரமாக நிரப்பிவிடும் பிள்ளைகள் உண்டு. பெற்றோரே, அதற்கு இடங்கொடாதீர்கள்.

3. பெயர் எவ்வளவு முக்கியம்?

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பேராதனை மருத்துவ பீடம் 1962இலும், யாழ்ப்பாணம் 1978இலும் தோன்றின. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இந்த நூற்றாண்டில் எழுந்தது. காலி, றாகம, சிறீ ஜயவர்த்தனபுர, அனுராதபுரம் ஆகிய இடங்களிலும் பீடங்கள் உண்டு. அவற்றுக்குப் பின் வந்தவையும் உண்டு.

பழைய பீடத்தின் பெயர் பெரிதாக ஒலிக்கிறது. ஆயினும் இவை யாவும் ஐந்தாண்டுக் கற்கைநெறியையே நடத்துகின்றன. யாவும் ஆங்கில மொழியிலேயே கற்பிக்கின்றன. யாவற்றிலும் பட்டம் பெறுவோர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்தே இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு பெறுகின்றனர். பின்னர் விசேட வைத்திய நிபுணராக விரும்புவோர், எந்தப் பீடத்திலிருந்து வந்தாலும், பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தின் அதே பரீட்சைகளுக்கே தோற்றுகின்றனர். எனவே பெயரைவிடக் கவனிக்கவேண்டியவை மூன்று: செலவு, இடம், பிள்ளையின் இயல்பு.

4. செலவு: கோபுரம் கட்டுவோனின் கணக்கு

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. விசுவாசி செய்யவேண்டிய கடமைகளுள் அதுவும் ஒன்று.

அரச பீடத்தில் கற்பித்தற் கட்டணம் இல்லை. 1945இல் நம் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் பெரும்பேறு அது. ஆனால் “இலவசம்” என்ற சொல்லோடு கணக்கை முடித்துவிடலாகாது. விடுதி எல்லா ஆண்டுகளிலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே வாடகை அறையும் சாப்பாடும் உண்டு. பஸ் கட்டணம், நூல்கள், கணினி, வெள்ளை மேலங்கி, இதயத்துடிப்புக் கருவி என்று சில்லறையாகச் சேர்வனவும் உண்டு. இறுதிப் பரீட்சை முடிந்து உள்ளகப் பயிற்சி நியமனம் வரும்வரை வருமானமின்றிக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்க்கவேண்டும். 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான உதவிப்பணமும் ஓரளவு கைகொடுக்கும், முழுவதையும் சுமக்கா.

வெளிநாட்டுக் கல்வியோ வேறு கணக்கு. கட்டணம், தங்குமிடம், விமானச் சீட்டு, விசா ஆகியவற்றோடு நாணய மாற்றும் சேர்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. மூன்றாம் ஆண்டுக்கு என்று சேர்த்து வைத்த ரூபா, இரண்டு மாதங்களில் மூன்றாம் ஆண்டுக்குப் போதாமற் போயிற்று. ஆகவே வெளிநாட்டுக் கணக்கைப் போடும்போது முதலாம் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் காணியை விற்கவேண்டாம். கடைசி ஆண்டுவரையும் பாருங்கள். அதற்கு மேலும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

இன்னும் ஒன்று. வீட்டில் வேறு பிள்ளைகளும் இருக்கின்றார்கள். ஒருவருக்காகத் தாயின் நகை முழுவதும் அடைவுக்குப் போய், தம்பியின் படிப்பு நின்றுவிடுமாயின், அது நீதியான தெரிவா? நாலாம் ஆண்டில் பணம் நின்று, பட்டமின்றித் திரும்பிவரும் பிள்ளையின் மனம் என்னாகும்? இவற்றைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி வீட்டில் வெளிப்படையாகப் பேசவேண்டும்.

5. வெளிநாடு செல்லுமுன் கேட்கவேண்டியவை

முகவர் சொல்வதைக் கேட்குமுன் இலங்கை மருத்துவ சபையிடம் கேளுங்கள். அந்த நிறுவனம் சபையின் அங்கீகாரம் பெற்றதா? பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் தகைமைக்கு உட்படுமா? இரண்டுக்கும் எழுத்தில் விடை கிடைத்த பின்னரே முற்பணம். பட்டம் பெற்று வந்தபின்னும், இங்கே தொழில் புரிய வேண்டின் சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடையவேண்டும். அதற்கு ஆயத்தஞ்செய்யும் காலமும் செலவும் கணக்கிலே சேரவேண்டும்.

நாட்டின் நிலைமையும் முக்கியம். 2020இல் தொற்றுநோய் காரணமாகச் சீனாவுக்குத் திரும்பமுடியாத மருத்துவ மாணவர் பலர், நோயாளியின் கட்டிலருகே கற்கவேண்டியதைக் கணினித் திரையிலே கற்க நேர்ந்தது. 2022 பெப்ரவரியில் போர் மூண்டபோது உக்ரேனிலிருந்து ஆயிரக்கணக்கான அந்நிய மருத்துவ மாணவர் படிப்பை இடையில் விட்டு வெளியேறினர். 2024 யூலையில் வங்காளதேசத்தில் எழுந்த கலவரத்தால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. எதிர்காலத்தை நாம் அறியோம். ஆனால் “ஏதும் நேர்ந்தால் என்ன செய்வோம்?” என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கலாம்.

6. இடம்: யார் நடுவே கற்பது?

மருத்துவம் பாதி வகுப்பறையிலும் பாதி வைத்தியசாலைக் கட்டிலருகிலும் கற்கப்படுவது. நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே நோவின் வரலாற்றைக் கேட்டறியவேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் கற்கச் செல்லும் நம் பிள்ளைகள் சிங்களத்தை நன்றாகப் பழகவேண்டியிருக்கும். யாழ்ப்பாணம் வரும் சிங்கள மாணவர் தமிழைப் பழகுவதுபோல. அது ஒரு சுமைதான். ஆனால் நாட்டின் எப்பாகத்திலும் பணியாற்ற உதவும் செல்வமும் அதுவே. மறுபுறம், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கற்பவர், தாம் பின்னர் பணியாற்றக்கூடிய மக்களின் நோய்களையும் வறுமையையும் முதலாண்டுகளிலேயே அறிந்துகொள்கிறார்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்பே மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், பின்னர் தமிழுக்கு மாறினார். மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்கினார். தமிழிற் கற்றவர் தூர இடங்களில் உத்தியோகம் தேடி ஓடாமல் தம் கிராமத்தவர் நடுவே தங்குவர் என்பது அவருடைய எண்ணம். எங்கே, எந்த மொழியில் கற்கிறோம் என்பது, பின்னர் யாருக்குப் பணியாற்றுவோம் என்பதையும் பாதிக்கும் என அவர் கண்டிருந்தார்.

இடத்தோடு வேறு விடயங்களும் வருகின்றன. ஞாயிறு திருப்பலிக்குப் போக ஆலயம் அருகே உண்டா? கத்தோலிக்க மாணவர் ஒன்றியம் உண்டா? தங்கும் வீடு பாதுகாப்பானதா? பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. துன்பம் நேர்ந்தால் மறைக்காமல் வீட்டுக்குச் சொல்லும் தைரியத்தைப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்புங்கள்.

7. பிள்ளையின் இயல்பு

வீட்டை விட்டு ஒருநாளும் பிரிந்திராத பிள்ளை உண்டு. தூரம் போனாற்றான் தன் காலில் நிற்கக் கற்கும் பிள்ளையும் உண்டு. உடல்நலம், மனத்திடம், ஆங்கில அறிவு, இரவு விழித்திருக்கும் ஆற்றல், இரத்தத்தையும் மரணத்தையும் எதிர்கொள்ளும் உள்ளம் ஆகிய யாவும் நோக்கப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவத்தைப் பிள்ளை விரும்புகிறதா, அல்லது நமக்காகத் தலையாட்டுகிறதா என்பதை அறியவேண்டும்.

2004இல் புனிதையாக உயர்த்தப்பட்ட ஜியன்னா பெறேற்றா மொல்லா ஓர் இத்தாலிய வைத்தியர். மிலானிலும் பவியாவிலும் கற்று 1949இல் பட்டம் பெற்றார். பிரேசில் நாட்டில் மறைபணி புரிந்த தம் சகோதரருக்கு உதவியாகப் போகப் பெரிதும் விரும்பினார். ஆனால் உடல்நலம் அதற்கு ஒவ்வாதென ஆலோசனை கூறப்பட்டது. அவர் அதை ஏற்று, மெசெறோ என்னும் சிற்றூரிலே 1950இல் ஒரு சிகிச்சை நிலையம் திறந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஏழைகளுக்கும் முதியோருக்கும் பணியாற்றினார். விரும்பிய இடம் கிடைக்கவில்லை. புனிதம் அதனால் தடைப்படவில்லை.

8. ஓர் உதாரணம்

மன்னார்க் கடற்கரைக் கிராமமொன்றில் ஒரு குடும்பம் என வைத்துக்கொள்வோம். தந்தைக்கு ஒரு படகு. மகளின் புள்ளி மருத்துவத்துக்குப் போதும் போலத் தெரிகிறது. கீழே தம்பி படிக்கிறான். தந்தைக்குக் கொழும்பு என்ற பெயரில் ஆசை. கனடாவிலிருக்கும் சித்தியோ, “இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்புங்கோ, காசு நான் தாறன்” என்கிறார்.

புனித இஞ்ஞாசியார் காட்டும் முறைப்படி இவர்கள் ஒரு தாளை எடுக்கட்டும். ஒவ்வொரு வழிக்கும், அதைத் தெரிந்தால் வரும் நன்மை, தீமை. தெரியாவிட்டால் வரும் நன்மை, தீமை என்று எழுதட்டும். யாழ்ப்பாணம் எனில் செலவு குறைவு, வார இறுதியில் வீடு வரலாம், நோயாளருடன் மொழித்தடை இல்லை. ஆனால் மகள் இரண்டாம் மொழியைத் தானே முயன்று கற்கவேண்டும். கொழும்பு எனில் பரந்த அனுபவம் உண்டு. வாடகையும் தூரமும் உண்டு. வெளிநாடு எனில் சித்தியின் வாக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு நிலைக்குமா என்று அன்போடும் தெளிவோடும் கேட்கவேண்டும். சித்திக்கும் பிள்ளைகள் உண்டு, நோய் உண்டு, வேலை இழப்பும் வரலாம்.

பின்னர் அதே புனிதர் சொல்லும் இரு சோதனைகள். முன்பின் அறியாத ஒரு பிள்ளை இதே நிலையில் வந்து கேட்டால் என்ன புத்தி சொல்வேன்? என் மரண வேளையில் திரும்பிப் பார்த்தால் எதைத் தெரிந்திருக்க விரும்புவேன்? இவ்விரண்டுக்கும் ஒரே விடை வருமாயின், மனச் சமாதானத்தோடு அதை எழுதலாம். மனம் கலங்கியிருக்கும் நேரத்திலோ, கோபத்திலோ முடிவெடுக்கவேண்டாம்.

9. இடம் கிடைக்காவிட்டால்

மருத்துவம் கிடைக்காத பிள்ளை தோற்ற பிள்ளையன்று. யாழ்ப்பாணத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டக் கற்கைகள் உள்ளன. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் உண்டு. நோயாளியின் கட்டிலருகே நீண்டநேரம் நிற்பவர் தாதிதான். தாலந்து உவமையிலே, இரண்டு பெற்றவனும் ஐந்து பெற்றவனும் ஒரே வார்த்தையாற் பாராட்டப்பட்டதை மறவாதிருப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க

அ) மருத்துவம் கற்க விரும்புவதன் உண்மையான காரணத்தைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையிற் சொல்லட்டும், பெற்றோர் குறுக்கிடாது கேட்கட்டும்.

ஆ) கடைசி ஆண்டுவரை வேண்டிய பணம் எங்கிருந்து வரும்? மற்றப் பிள்ளைகளின் பங்கு என்ன?

இ) பட்டம் பெற்றபின் யாருக்குப் பணியாற்ற விரும்புகிறோம்? தெரிவு செய்யும் இடம் அதற்கு உதவுமா?

ஈ) விண்ணப்ப வரிசையை முடிக்குமுன், மூன்று நாட்களுக்குக் குடும்பச் செபமாலையை இக்கருத்துக்காக ஒப்புக்கொடுங்கள். அதன்பின் வரிசையைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். அந்த ஐந்தாண்டும் படிக்கப்போவது பிள்ளைதான்.