கடல் கடந்து தத்து: எந்த வழி யாருக்கு?

வெளிநாட்டில் குடியேறிய தம்பதிக்குப் பிள்ளை இல்லையென்றால் ஊரிலிருந்து முதலில் வரும் யோசனை இதுதான்: "உங்க அக்காவுக்குத்தான் மூணு இருக்கே, ஒண்ணைக் கேட்டு வாங்கி வளர்க்கலாமே?" கேட்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. தெரிந்த பிள்ளை, சொந்த ரத்தம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முட்டுச்சந்தில் போய் நிற்கும் வழியும் இதுதான்.

சிக்கல் விசாவில் இருக்கிறது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் உறுப்பு நாடுகள். இந்தியாவில் அது 2003 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெற்ற தாய், தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தால், அந்தக் குழந்தையைச் சரிவர வளர்க்க அவர்களால் முடியாது என்று காட்டினால்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்த வழியில் விசா தரும். அத்தானுக்கு மின்வாரியத்தில் வேலை, அக்கா டீச்சர் என்றால் இதை எப்படிக் காட்டுவது? கனடாவோ, குடியுரிமை வாங்கித் தருவதற்காகச் செய்த ஏற்பாடா இது என்று துருவிப் பார்க்கும்.

இந்தியப் பக்கத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த தத்துப் பத்திரம் மட்டும் போதாது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் எழுதினாலும், பிள்ளையை வெளிநாடு கொண்டுபோக மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தடையில்லாச் சான்று வேண்டும். இப்படி இந்துச் சட்டத்தின்படி தத்தெடுத்தவர்களுக்கும் அந்தச் சான்று தருவதற்கு 2021இல்தான் விதி வந்தது. அந்தச் சட்டத்துக்கென்று நிபந்தனைகளும் உண்டு: ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, பிள்ளைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. இன்னொரு சட்டமான 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில் உறவுமுறைத் தத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோரைத்தான் அது உறவினராகக் கணக்கில் கொள்கிறது. ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளையை இந்தப் பிரிவில் கேட்க முடியாது.

அக்கா இறந்துவிட்டார், அத்தானும் இல்லை அல்லது படுத்த படுக்கை என்றால் கதையே வேறு. அப்போது உறவு வழிதான் சரி. மாவட்ட ஆட்சியரின் ஆணை, காராவின் சான்று, அதற்கப்புறம் விசா என்று வரிசைப்படி போகலாம். வயது வரம்புக் கணக்குகளும் உறவினருக்கு இல்லை.

இரண்டாவது வழி காராவில் பதிந்து காத்திருப்பது. குடியிருக்கும் நாட்டில் காரா அங்கீகரித்த முகமை மூலமாகத்தான் பதிய வேண்டும். முகமையே இல்லாத நாட்டில் இந்தியக் குடிமக்கள் நம் தூதரகத்தை அணுகலாம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் உள்ளூர்க்காரர்களோடு ஒரே வரிசை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் என்றால், குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்டு 60 நாளில் இந்தியர் யாரும் எடுக்காதபோதுதான் உங்கள் முறை. அமெரிக்காவின் ஹேக் விசாவுக்கோ, தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எச்1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் இருவர் அந்த மனுவைப் போடவே முடியாது. குழந்தைக்கு என்ன விசா கிடைக்கும் என்று குடியேற்ற வக்கீலிடம் கேட்டுத் தெளியாமல் அவர்கள் பதியவே கூடாது என்பேன்.

அடுத்தது வயது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, பதியும் நாளில் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. 44ம் 42ம் என்றால் 86; கைக்குழந்தை கிடையாது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு 90, எட்டு வயது வரை 100, அதற்கு மேல் 110. தனியாக வாழும் ஆணால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

ஆரோக்கியமான கைக்குழந்தைக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டைத் தாண்டுகிறது. ஐந்து வயதைக் கடந்தவர்கள், உடன்பிறந்தவரோடு சேர்ந்தே போக வேண்டியவர்கள், உடல்குறை உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் வெளிநாட்டுத் தத்தில் சட்டமே முன்னுரிமை தருகிறது. இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். உங்களுக்கு வரும் மருத்துவ அறிக்கையில் பிறப்பு எடை, தலைச் சுற்றளவு, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி சோதனை முடிவுகள், எந்த மாதத்தில் தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது எல்லாம் இருக்கும். 'சிறப்புத் தேவை' என்ற ஒரே தலைப்புக்குள் ஒரு அறுவையில் சரியாகும் உதட்டுப் பிளவும் இருக்கலாம், ஆயுளுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாவும் இருக்கலாம். தலைப்பைப் பார்த்தே வேண்டாம் என்பவர்களும் உண்டு, போட்டோவைப் பார்த்தே சரி என்பவர்களும் உண்டு. அறிக்கையைக் குழந்தை மருத்துவரிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது வழியை நம்மவர்கள் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை: குடியிருக்கும் நாட்டிலேயே தத்தெடுப்பது. 2004இல் வெளிநாடுகளிலிருந்து 22,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்கா, 2023இல் எடுத்தது 1,300க்கும் குறைவு. எத்தியோப்பியா 2018இலும் சீனா 2024இலும் கதவைச் சாத்திவிட்டன. அதே அமெரிக்காவில் அரசுப் பராமரிப்பிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 50,000 பிள்ளைகள் தத்துப் போகிறார்கள். செலவு மிகக் குறைவு, விசா தொல்லை இல்லை. பிள்ளை வேறு நிறத்தில் இருக்கும், வயதும் கூடுதலாக இருக்கும், சில நேரம் பெற்ற தாய் வந்து பார்த்துப் போவார். இதெல்லாம் சம்மதம் என்றால் இது இரண்டாந்தர வழி அல்ல. எச்1பி தம்பதிக்கு முதலில் விசாரிக்க வேண்டிய வழி.

நான்காவதாக ஒன்றும் காதில் விழும்: "ஒரு ஹோம்ல குழந்தை இருக்கு, பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." 2005இல் சென்னையில் பிடிபட்ட விவகாரத்தில், கடத்தப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் அனாதைகள் என்ற காகிதத்தோடு வெளிநாடு போயிருந்தார்கள். 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பா போன பலர் இன்று தாயைத் தேடி வரும்போது கையில் இருப்பது பொய்ப் பிறப்புச் சான்று. ஆணை இல்லாமல் பிள்ளையைக் கடல் கடத்தினால் இந்தியச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

காரா வழியில் போனவர்களுக்கு விமான நிலையத்தோடு வேலை முடியாது. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையின் நிலை பற்றிய அறிக்கை போக வேண்டும். ஊர் மாறினாலும் முகமைக்குச் சொல்லிவிட்டே மாறுங்கள்.