படிகாரமும் படிகமும்

பட்டுநூலைச் சாயநீரில் தோய்க்குமுன் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்தல் பண்டைச் சாயக்காரர் கைக்கொண்ட முறையாகும். வேர்ச்சிவப்பைப் படிகாரமின்றி ஏற்றினால் சலவையில் வெளிறும். படிகாரத்தோடு ஏற்றினால் நெடுநாள் நிலைபெறும். இதற்குக் காரணம் யாது? ஆரணி, சேத்துப்பட்டு முதலிய ஊர்களில் தறியோசை கேட்டு வளர்ந்தார்க்கு இவ்வினா அயலானதன்று. அதனையே வாயிலாகக் கொண்டு, அணைவுப் பலபடிகள் என்னும் பொருள்களின் படிகவமைப்பை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். தமிழ் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பார்க்கு விடை இறுதியிற் கூறுதும்.

சோழமண்டலக் கரையிற் பருத்தியாடைகளைச் சிவப்பித்த சாயவேரில் அலிசரின் என்னும் கரிமப்பொருள் உளது. படிகாரத்தில் அலுமினியம் உளது. அலுமினிய அயனி, அலிசரினின் ஆக்சிஜன் அணுக்கள் தரும் எலெக்ட்ரான் இணைகளை ஏற்று அதனைப் பற்றும். மறுபுறம் இழையையும் பற்றும். இவ்வாறு உலோகம் நடுவிருந்து பிற மூலக்கூறுகளைத் தன்பால் அணைத்துக்கொண்ட கூட்டே அணைவுச் சேர்மம் எனப்படும்.

இனி, ஒரு கரிம மூலக்கூறுக்கு இருபுறமும் பற்றுங்கை உண்டெனக் கொள்வோம். அஃது ஒரு கையால் ஓர் உலோக அயனியையும், மறுகையால் மற்றோர் அயனியையும் பற்றும். அவ்வயனிகளும் வேறு கைகளைப் பற்றும். இத்தொடர்ச்சி முடிவின்றி நீளின் அஃது அணைவுப் பலபடியாம். ஒருதிசையிற் சென்றால் அது நூல். இருதிசையிற் சென்றால் பாவும் ஊடையும் கூடிய துணி. முத்திசையிலும் சென்றால் தூணும் உத்தரமும் நிறைந்த மண்டபம் என்னலாம்.

இம்மண்டபத்தைக் கண்ணாற் காண்டல் அரிது. 1912-இல் லாவே என்பாரின் குழுவினர் படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறிப் புள்ளிகளாய்ப் பதிதலைக் கண்டனர். பிராக் என்னும் தந்தையும் மைந்தரும் அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் வழி வகுத்தனர். இக்கலை நம் நாட்டிலும் செழித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் முப்புரியாய் முறுக்குண்டது என 1954-இல் வெளியிட்டார்.

அணைவுப் பலபடிகளை வேண்டியவாறு கட்டலாம் எனக் காட்டியவர் மெல்போர்னில் ஆராய்ந்த ரிச்சர்டு ராப்சன். 1989-இல் அவர் செம்பு அயனிகளையும் நாற்கை மூலக்கூறுகளையும் இணைத்து, வைரத்தை ஒத்த, உள்ளே வெற்றிடம் மிக்க படிகத்தை ஆக்கினார். ஆயின் அத்தகைய கட்டடங்கள் எளிதிற் சரிந்தன. 1997-இல் சுசுமு கித்தகாவா, வளி புகுந்து மீளும் உறுதியுள்ள சட்டகத்தை அமைத்தார். 1999-இல் ஓமர் யாகி, துத்தநாகத்தையும் டெரிப்தாலிக் அமிலத்தையும் கொண்டு, 300 பாகை செல்சியசிலும் சரியாத சட்டகத்தை வெளியிட்டார். அதன் சில கிராம் அளவினுள் ஒரு கால்பந்துத் திடலின் பரப்பு அடங்கியுள்ளது! பாலியெஸ்டர் நூலுக்கு மூலப்பொருளாவதும் இவ்வமிலமே. இம்மூவரும் 2025-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இவற்றாற் பயன் என்னை? யாகியின் குழுவினர் அரிசோனாப் பாலைநிலத்தில் இத்தகைய படிகம் ஒன்றை இரவிற் பரப்பிவைத்தனர். அது காற்றின் ஈரத்தை உண்டு, காலை வெயிலில் நீராக உமிழ்ந்தது. மழை பொய்த்தால் ஏரி வற்றும் நம் வட்டாரத்தார் இதனைச் சிறுசெய்தி எனத் தள்ளுதல் கூடுமோ?

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். படிகாரத் தோய்ப்பைக் காட்டி, நம் முன்னோர் இப்படிகங்களை அன்றே அறிந்தனர் எனப் பெருமை பேசுதல் பொய்யாம். இழையில் தோன்றும் அணைவு வேறு. முத்திசையும் ஒழுங்குற்று நிற்கும் சட்டகம் வேறு. சாயக்காரர் சாயம் நிற்பதை அறிந்தனர். நிற்பதன் காரணத்தை அறிந்திலர். எனினும், அவர்தம் கையறிவை இகழ்தலும் பிழையே. உலோகம் சாயத்தைப் பற்றும் என்னும் உண்மை, ஏட்டில் ஏறுமுன்னரே தொட்டியில் விளங்கிற்று.

முதலிற் கூறிய வினாவுக்கு வருவோம். சட்டகம், பாவு, ஊடை, முப்புரி, அணைவு என்னும் சொற்கள் இவ்வறிவைத் தாங்கப் போதியனவாய் நம்மிடம் உள. அவற்றை எடுத்தாளுதல் தமிழ் கற்பார் கடன். நம் மொழியிற் சொல்லப்படாத அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும். சொல்லப்பட்டதோ தறிக்குழியில் அமர்ந்தார் செவியையும் எட்டும். அவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி அதனைக் கேட்டு நாளை ஒரு படிகத்தை ஆராயத் தொடங்குவாளாயின், அதனினும் சிறந்த பயன் தமிழ்க் கல்விக்கு வேறு யாதோ?