துக்க வருஷத்துப் பொங்கல்

கேள்வி: மனைவி காலமானபின் வரும் முதல் பொங்கல், வீட்டில் பண்டிகை இல்லை. விடுமுறையை எப்படிக் கழிப்பேன்?
– ஒரு வாசகர், பேசின் பிரிட்ஜ்

பதில்: பண்டிகையை விலக்கும் சம்பிரதாயம் மறைந்தவருக்குச் செய்யும் மரியாதையேயன்றி, இருப்பவரை நான்கு சுவர்களுக்குள் அடைப்பதற்கன்று. 1898-இல் தந்தையை இழந்த பாரதியார், அத்தை குப்பம்மாளின் ஆதரவை நாடிக் காசிக்குச் சென்று, அங்கே சமஸ்கிருதமும் ஹிந்தியும் பயின்றார். துயரத்துக்கு யாத்திரையும் வித்தையும் ஒருங்கே வாய்ப்பது பாக்கியமே. தங்களுக்குக் காசி வேண்டியதில்லை. தங்கள் ஸ்டேஷனிலேயே கும்மிடிப்பூண்டி வண்டியேறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு சென்றால், ஜனவரி மாதத்து ஏரியில் பூநாரைகளையும், ஊருக்குள் டச்சுக்காரரின் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளையும் காணலாம். (துக்கத்திலிருப்பவனைக் கல்லறைக்கு அனுப்புகிறாரே என்று கோபிக்கவேண்டாம், அந்தச் சிற்ப வேலைப்பாடு பார்க்கத் தகுந்தது.) காணும் பொங்கலன்று ஜனக்கூட்டம் மிகுமாதலால் முந்திய நாளே செல்லுங்கள், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச்சென்று பறவைகளை வரையுங்கள். சித்திரம் விகாரமாய் வந்தாலும் பாதகமில்லை.